கழித்துச் சொன்ன எடை

நூத்தி நாலுன்னு சொல்லிட்டேன். எக்கோ எடுக்கிற பொண்ணும் தட்டிருச்சு. டக்கு டக்குன்னு மூணு தட்டு, அவ்வளவுதான், மெஷினுக்குள்ள போயிருச்சு. பேரு தெய்வநாயகம், வயசு அம்பத்திரெண்டு, உயரம் அஞ்சடி ஏழு அங்குலம், எடை நூத்தி நாலு. முதல் மூணும் நெசம். நாலாவது நானாச் சொன்னது. "கரெக்டாங்கய்யா? எங்க பாத்தது?"ன்னு ஒரு தடவை கேட்டுச்சு, மூஞ்சியப் பாத்துத்தான் கேட்டுச்சு, அப்பவாவது வாயைத் தெறந்திருக்கலாம். "நம்ம அரிசிக் கடைத் தராசு பாப்பா, அம்பது கிராம் பிசகாது"ன்னு பெருமை வேற. அம்பது கிராம் பிசகாது, பதினாலு கிலோ பிசகும். காலைல ஏழு மணிக்குத் தராசு காட்டுனது நூத்திப் பதினெட்டு. கீழ ஓ.பி.ல நர்சம்மாவும் இதையேதான் கேட்டாங்க, அங்கயும் நூத்தி நாலுதான், கூட்டத்துல அவங்களும் ஏத்தி நிறுக்கல, எழுதிக்கிட்டாங்க. இப்ப எக்கோ மெஷினுக்கும் நூத்தி நாலு. இனிமே இது என் நெஞ்சுக்குள்ள எதைப் பாத்தாலும் நூத்தி நாலு கிலோ ஆளோட நெஞ்சுன்னு நெனச்சுத்தானே பாக்கும். வெளிய பெஞ்சுல என் சம்சாரம் தவமணி உக்காந்திருக்கா, மடியில பை, பைக்குள்ள மாசக் காலண்டரு, சுருட்டி ரப்பர் பேண்டு போட்டது. தேதிக்குத் தேதி என் எடை, என் கையெழுத்துல. அதைப் பாத்துட்டுத்தான் டாக்டர் மாதவராஜ் மாத்திரையக் கூட்டவா கொறைக்கவான்னு முடிவு பண்ணப் போறாரு. அத்தனை தேதியும் பொய். சொல்லிரலாமா? இப்பச் சொன்னா என்ன நெனைக்கும் இந்தப் பொண்ணு. சட்டையக் கழட்டுங்கய்யாங்குது, கழட்டுறேன்.

எடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கணுமாம், எடது கையத் தலைக்கு மேல வச்சுக்கணுமாம். சுலபமாச் சொல்லிருச்சு. இந்தக் கட்டிலு கடைல நான் சாயுற பெஞ்சு அகலங்கூட இல்ல, பாதி உடம்பு கட்டில்ல, பாதி உடம்பு ஆகாசத்துல. வயிறு எனக்கு முன்னாடியே போய்ப் படுத்துக்கிருச்சு. ஏசி முதுகுல அடிக்குது. வெக்கமா இருக்கு, அம்பத்திரெண்டு வயசுல வெக்கமென்ன வெக்கம், ஆனா வருதே, மக வயசுப் பொண்ணுக்கு முன்னாடி நெஞ்சைத் தெறந்து போட்டுக்கிட்டு. அது கண்டுக்கல, தெனம் நூறு நெஞ்சு பாக்குற பொண்ணு. சட்டைல பேரு குத்தியிருக்கு, பெனசிர்னு. வெக்கம்கூடப் பரவால்ல, படுக்கிறதுதான் பயம். படுத்தா எனக்கு மூச்சு வராது. பங்குனி பொறந்ததுல இருந்து அப்படித்தான், மொதல்ல ரெண்டு தலகாணி, அப்புறம் மூணு, இப்ப சாய்வு நாற்காலிலதான் தூக்கம். தவமணிகிட்ட முதுகு வலின்னு சொல்லி வச்சிருக்கேன், அவளும் தைலம் தேச்சு விடுறா பாவம், வலியில்லாத முதுகுக்கு. தண்ணிக்குள்ள அமுக்குற மாதிரி இருக்குன்னு ஒரு தடவையாவது சொன்னேனா? சொல்லல. "தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கி விடவாய்யா?"ன்னு கேக்குது பெனசிரு. "வேணாம் பாப்பா, நல்லாத்தான் இருக்கேன்"ங்கிறேன். அடப்பாவி, எதுக்கு வேணாங்கிறே? யாரு கேட்டா உன்னைய? வாய் அது பாட்டுக்குச் சொல்லுது. கீழமாசி வீதிக் கடைல முப்பது வருசமா எப்படி இருக்கீகன்னு எவன் கேட்டாலும் நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லிச் சொல்லி, சாகுறப்பவும் எமன் கேட்டா அதைத்தான் சொல்லும் போல இந்த வாய்.

ஜில்லுன்னு ஒரு பசைய வச்சு, கையில இருக்கிற உருண்டைய விலா எலும்புக்கு நடுவுல வச்சு அழுத்துது. வலிக்குது. இன்னும் அழுத்துது. ஸ்கிரீன் அது பக்கம் திரும்பியிருக்கு, எனக்கு ஓரம் மட்டுந்தான் தெரியுது, கறுப்பும் சாம்பலுமா புகை மாதிரி என்னமோ அசையுது. அதோட மூஞ்சியப் பாக்குறேன். இந்த மாதிரி எடத்துல மூஞ்சியத்தான் பாக்கணும், வாய் ஒண்ணும் சொல்லாது. புருவத்தைச் சுருக்குது. உருண்டைய எடுத்துட்டு ஒரு விரக்கட கீழ வைக்குது. மறுபடி புருவம். "மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க"ங்குது. பிடிக்கச் சொன்னா பிடிக்க முடியல, மூணு எண்ணுறதுக்குள்ள தானா வெளிய வந்துருது. "சரியாத் தெரியல"ன்னு சொல்லுது, என்கிட்ட இல்ல, தனக்குத்தானே. என்ன தெரியல? இருக்க வேண்டியது எதுவும் காணாமப் போச்சா? "என்னம்மா தெரியல?"ன்னு கேட்டேன். "ஒண்ணுமில்லய்யா, உடம்பு கனமா இருக்கிறவங்களுக்குப் படம் தெளிவா விழாது. சதையத் தாண்டி வரணும்ல. வேற எடத்துல வச்சுப் பாக்குறேன்"ங்குது. சதையத் தாண்டி வரணுமாம். குடோன்ல அடுக்கி வச்ச மூட்டைக்குப் பின்னாடி எலி ஓடுறது காதுல கேக்கும், கண்ணுக்குச் சிக்காது, அது மாதிரி இவ்வளவு சதைக்குப் பின்னாடி எங்கயோ ஒரு மூலைல அது அடிச்சுக்கிட்டுக் கெடக்கு, யாரும் பாக்க முடியாம. நான்தான அதை அப்படி அடைச்சு வச்சேன்? நான் ஒருத்தனா அடைச்சேன்? பந்தில உக்காந்தா, "தெய்வநாயகம் எலையப் பாருப்பா"ன்னு பரிமாறுறவனக் கூப்பிட்டுச் சொல்லுவாங்க, நான் வேணாம்னா அவங்களுக்கு மொகம் சுண்டிரும். எங்க குடும்பத்துல ஆம்பளைக எல்லாருக்கும் இந்த உடம்புதான். ஒல்லியா ஒருத்தன் அரிசிக் கடைல உக்காந்தா எவன் வாங்குவான்னு எங்கண்ணன் கேப்பாரு.

அண்ணன நெனைக்கக் கூடாதுன்னு வீட்ல இருந்து கெளம்புறப்பவே முடிவு பண்ணியிருந்தேன். வந்துட்டாரு. பெனசிரு என்னமோ ஒரு பட்டனத் தட்டுச்சு, ரூமு பூராச் சத்தம், ஷ்வக்கு, ஷ்வக்கு, ஷ்வக்குன்னு. "பயப்படாதீங்கய்யா, ரத்தம் ஓடுற சத்தந்தான்"னு சொல்லுச்சு. பயப்படாதீங்கன்னு யாராவது சொன்னாத்தான் எனக்கு மொத பயமே வரும். ஈரத் துணியக் கல்லுல அடிக்கிற மாதிரி அடிக்குது. இதுவா நானு? அம்பத்திரெண்டு வருசமா இந்தச் சத்தத்துலயா ஓடிக்கிட்டு இருக்கேன்? ஒரு ஷ்வக்குக்கும் அடுத்த ஷ்வக்குக்கும் நடுவுல ஒரு எடம் இருக்கு பாருங்க, அந்த எடத்துல உயிர் போயிட்டுப் போயிட்டு வருது எனக்கு. வருமா, வந்துருச்சு. வருமா, வந்துருச்சு. அண்ணனுக்கு ஒரு தடவை வரல, அவ்வளவுதான் விசயம். சிதம்பரநாதன், அம்பத்தி நாலு வயசு, காலைல பதினோரு மணி, கடைல வியாபாரம் ஓடிக்கிட்டு இருக்கு, மூஞ்சி வேத்து ஊத்துது. "என்னண்ணே"ன்னேன். "ஒண்ணுமில்லடா, வாயு. ஒரு சோடா சொல்லு"ன்னாரு. சோடா வந்துச்சு. பாதி குடிச்சாரு. அந்தப் பாதி சோடா மேசைல அப்படியே இருந்துச்சு, அவரு இல்ல. அப்புறந்தான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, ஆறு மாசமா மாடி ஏறுனா நெஞ்சு அடைச்சிருக்கு, மதினிக்குத் தெரியாம வாயு மாத்திரை வாங்கிப் பையில வச்சுத் தின்னிருக்காரு. ஒவ்வொரு வருசமும் திதிக்குப் போறப்ப எலை போட்டு முடிச்சதும் மதினி சொவத்துல சாஞ்சு உக்காந்து அதே கேள்வியத்தான் கேக்கும், "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல, தம்பி"ன்னு. என்னயக் கேக்கும். தலையக் குனிஞ்சுக்கிட்டுப் பாயசம் குடிப்பேன். ரெண்டாவது தடவையும் வாங்கிக் குடிச்சிருக்கேன், வெக்கங்கெட்டவன்.

"மூச்ச இழுங்க, பிடிங்க." பிடிக்கிறேன், பிடிக்கிறேன், போயிருச்சு. தை மாசம் இதே கட்டில்ல படுத்தப்ப வேற ஒருத்தரு எடுத்தாரு, படம் விழுந்துச்சு. அப்பத் தராசு நூத்திப் பத்து. மாதவராஜ் டாக்டரு அந்தப் படத்தை வச்சுக்கிட்டுப் பொறுமையாத்தான் சொன்னாரு. "ஒரு மாடி வீட்டுக்குப் போட்ட மோட்டாரை வச்சு மூணு மாடிக்குத் தண்ணி ஏத்துறீங்க. ஓடும். ஆனா ஒழைச்சு ஒழைச்சுச் செவுரு தடிச்சுப் போச்சு, தடிச்ச செவுரு எறுகிப் போச்சு. ஒங்க இதயம் சுருங்குறது நல்லாத்தான் சுருங்குது, விரிய மாட்டேங்குது. விரியாத எடத்துல ரத்தம் எப்படி வந்து நெறையும்? பின்னாடி தேங்கும், நுரையீரல்ல தேங்கும், கால்ல தேங்கும்"னாரு. அப்புறம் அந்த விசயத்தைச் சொன்னாரு, விரல நீட்டிச் சொன்னாரு. "தெனம் காலைல ஒண்ணுக்குப் போயிட்டு, ஒண்ணும் குடிக்கிறதுக்கு முன்னாடி, ஒரே நேரத்துல எடை பாருங்க. எழுதி வைங்க. மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது சதை இல்ல, தண்ணி. ஒடனே எனக்குப் போன் பண்ணணும்." புரிஞ்சுச்சா இல்லையா? நல்லாப் புரிஞ்சுச்சு. வெளிய வந்து தவமணிக்கு நான்தான் வெளக்கிச் சொன்னேன், கைய ஆட்டி ஆட்டி. அப்பேர்ப்பட்ட அறிவாளி என்ன பண்ணுனேன் தெரியுமா? எங்க தொழில்ல எடைன்னா தராசு காட்டுறது இல்ல. தராசு காட்டுறதுல கழிக்க வேண்டியதைக் கழிச்சு நிக்கிறதுதான் எடை. சாக்குக்கு இவ்வளவு, கல்லு தூசிக்கு இவ்வளவு, ஈரம் பட்ட சரக்கா இருந்தா ஈரத்துக்கு இவ்வளவு. நாலு அரிசி மணிய எடுத்துக் கடிச்சாலே சொல்லிருவேன், இதுல மூட்டைக்கு ரெண்டு கிலோ தண்ணிய்யான்னு. தண்ணிய எவனும் அரிசின்னு வாங்க மாட்டான். தராசு மேல ஏறி நின்னேன், கை தன்னால கழிச்சுச்சு. வேட்டி சட்டை சாவிக்கொத்துக்கு ஒரு கிலோ, அது நியாயம். குடிச்ச காப்பிக்குக் கால் கிலோ, அதுவும் போகட்டும். மாசில ஒரு நாள் தராசு ரெண்டு கிலோ கூடக் காட்டுச்சு, பகீர்னுச்சு, அப்புறம் டாக்டர் சொன்னது ஞாபகம் வந்துச்சு, அது சதை இல்ல, தண்ணி. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. தண்ணிதான, அது என் எடையில சேராதேன்னு ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிச்சு எழுதுனேன். நெஞ்சறிய அப்படித்தான் எழுதுனேன். சுமை தூக்குற ஒச்சப்பன்தான் தராசைப் பாத்து எடையச் சொல்லுவாரு, என்னைவிடப் பத்து வயசு மூத்தவரு, நான் கழிக்கிறதைக் கேட்டுட்டு, "ஏன் மொதலாளி, நெல்லுக்கு ஈரம் கழிப்பாக, ஆளுக்குமா கழிப்பாக?"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். மறுவாரம் நாலு கிலோ கழிச்சேன், சிரிக்கல.

கழிக்கக் கழிக்கக் காலண்டர்ல நான் மெலிஞ்சுக்கிட்டே வந்தேன். நூத்தி ஒம்பது, நூத்தி எட்டு, நூத்தி ஏழு. இங்க சட்டைப் பொத்தான் மாட்ட மாட்டேங்குது, அங்க நான் எளைச்சுட்டேன். தெனம் காலைல கடைல நிறுத்துட்டு வீட்டுக்கு வந்து நான் எழுதுனதும், தவமணி அடுப்படிய விட்டு வந்து காலண்டர எட்டிப் பாப்பா. நூத்தி ஆறுன்னு எழுதுன அன்னைக்கு அவ மூஞ்சியப் பாத்திருக்கணும் நீங்க. எனக்காக வீட்ல எண்ணெய நிறுத்துனா, உப்ப நிறுத்துனா, நான் தின்னக்கூடாதுன்னா நானும் தின்னலன்னு அவளும் நிறுத்துனா. நாப்பத்தாறு கிலோ இருக்கிறவ, அவளுக்கென்ன பத்தியம்? சாயங்காலம் என்கூட நடக்க வருவா, நான் ரெண்டு தெருவுல மூச்சு வாங்கி டீக்கடை வாசல்ல நின்னா, "மெல்ல வாங்க, ஒண்ணும் அவசரமில்ல, அதான் எறங்குதுல்ல"ன்னு சொல்லுவா. அதான் எறங்குதுல்ல. போன்ல அவ தங்கச்சிகிட்ட, மகள்கிட்ட, பால்காரர்கிட்டகூடச் சொல்லிட்டா, அவுக எளைச்சுட்டாகன்னு. இதுக்கப்புறம் நான் எந்த வாயால நூத்திப் பதினஞ்சுன்னு எழுதுவேன்? சொல்லுங்க. எழுதுனா அவ சோறு எறங்காது. எழுதுனா ஆசுபத்திரிம்பாங்க, படுங்கம்பாங்க, படுத்தா எந்திரிப்பேனா? அந்தப் பயந்தான். அவளுக்காகன்னு சொல்றது சும்மா, பாதி அவளுக்காக, பாதி இந்தப் பயம். இல்ல, முக்காவாசி பயம். கால்ல செருப்பு வாரு பதிஞ்சு சாயங்காலம் வரைக்கும் குழி நிக்குது, பேண்டு போடாத ஆளு, இன்னைக்குத் தவமணி பாக்கக் கூடாதுன்னு பேண்டப் போட்டுக்கிட்டு வந்திருக்கேன். ஆசுபத்திரிக்குப் போறதால பேண்டு போட்டிருக்காகன்னு அவ நெனைச்சுக்கிட்டா. "நல்லாருக்கு, எளைச்சது தெரியுது"ன்னு வேற சொன்னா. தூ, நானெல்லாம் ஒரு மனுசன்.

சத்தத்தை நிறுத்திருச்சு பெனசிரு. ஏன் நிறுத்துச்சு? "ஒரு நிமிசம், இப்படியே இருங்கய்யா, வந்துர்றேன்"னுட்டுக் கதவத் தெறந்து போயிருச்சு. எங்க போகுது? எதுக்குப் போகுது? டாக்டரக் கூப்பிடவா? நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு டாக்டரக் கூப்பிடணும்? தண்ணி குடிக்கப் போயிருக்கும், அதுவும் மனுசப் பிறவிதான். இல்ல, அது போன வேகம் தண்ணி குடிக்கப் போற வேகம் இல்ல. ரூமுல நானும் அந்த மெஷினுந்தான், மெஷினுல என் பேருக்குக் கீழ நூத்தி நாலு எரியுது, இப்பத்தான் எட்டிப் பாத்தேன். எந்திரிக்கணும். மூச்சு முட்டுது. படுத்து ரொம்ப நேரமாச்சு, உள்ள தண்ணி ஏறுது, எனக்குத் தெரியுது, தொண்டைக்குக் கீழ களகளங்குது. தண்ணி. அந்தத் தண்ணியத்தான் நான் கழிச்சேன், காகிதத்துல கழிச்சேன், அது எங்க போச்சு? எங்கயும் போகல, இங்கதான் இருந்திருக்கு, நான் கழிச்ச அத்தனை கிலோவும் என் நெஞ்சுக்குள்ளயும் கால்லயும் குந்திக்கிட்டு இருந்திருக்கு. கைய ஊனுறேன், கை நழுவுது, பசை. கட்டில் கம்பி எங்க? கூப்பிடவா? தவமணின்னு கூப்பிட்டா கேக்கும், கதவுக்கு அந்தப் பக்கந்தான் இருக்கா, பத்தடி. வாய் வர மாட்டேங்குது. ஒண்ணுமில்லடா, வாயு, ஒரு சோடா சொல்லு. அய்யோ. அண்ணனும் இப்படித்தான் கிட்டக்கவே ஆளை வச்சுக்கிட்டு. இப்ப நான் போயிட்டேன்னு வைங்க, தவமணி காலண்டரத் தூக்கிக்கிட்டு ஓடுவா டாக்டர்கிட்ட, எறங்கிக்கிட்டுத்தான வந்துச்சு, எறங்கிக்கிட்டுத்தான சார் வந்துச்சுன்னு கேப்பா, ஆயுசுக்கும் கேப்பா, திதிக்குத் திதி சொவத்துல சாஞ்சு உக்காந்து கேப்பா. யாரு பதில் சொல்றது? ஒரு வழியாக் கம்பி சிக்கிருச்சு. புடிச்சு உந்தி எந்திரிச்சு உக்காந்தேன். உக்காந்த பெறகுதான் காத்து வந்துச்சு, கொஞ்சமா, ஓட்டைப் பம்புல அடிக்கிற மாதிரி.

கதவு தெறந்துச்சு. பெனசிருதான், கையில பேப்பரு. "ஏன்யா எந்திரிச்சீங்க? சரி, முடிஞ்சுச்சு, தொடைச்சுக்குங்க"ன்னு பஞ்சு குடுக்குது. பேப்பரு தீந்துபோச்சாம், அதை எடுக்கத்தான் போச்சாம். பேப்பருக்கா இந்தப் பாடு! சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. "படம் அவ்வளவா விழலய்யா, அப்படித்தான் ரிப்போர்ட்ல போட்டிருக்கேன். டாக்டர்கிட்ட நீங்க எழுதுன எடைய மறக்காம காட்டுங்க, அதை வச்சுத்தான் பாப்பாரு. போன ரிப்போர்ட்டுக்கு எறங்கியிருக்குல்ல, நல்லதுதான்"னு சொல்லுச்சு. அவ்வளவுதான், வேலை முடிஞ்சு போச்சு. சட்டையப் போட்டுக்கிட்டுப் போனா, டாக்டரு காலண்டரப் பாப்பாரு, பரவால்லையே தெய்வநாயகம்பாரு, அதே மாத்திரையத் தொடருங்கம்பாரு, தவமணி அவரைப் பாத்துக் கும்பிடுவா, ரெண்டு பேரும் ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போவோம். வீட்டுக்குப் போயி? மூணு தலகாணி, சாய்வு நாற்காலி, அப்புறம் ஒரு நாள் அதுவும் பத்தாது. சட்டைப் பொத்தான் போடுறேன், ஓட்டைக்குள்ள போக மாட்டேங்குது. போட்டுட்டுப் போயிரு. சொல்லிரு. போயிரு. "பாப்பா." என்னய்யாங்குது. "நூத்தி நாலு இல்ல பாப்பா." அது திரும்பிப் பாக்குது. "நூத்திப் பதினெட்டு. காலைல பாத்தது. தையில நூத்திப் பத்துதான். நடுவுல ஏறுனதெல்லாம் நான் கழிச்சு எழுதிட்டேன். படுக்க முடியல. ஒரு மாசமா உக்காந்துதான் தூங்குறேன்." நான் எதிர்பாத்தேன், பெரிய சத்தம் போடும், ஏன்யா இப்படின்னு கேக்கும்னு. குனிஞ்சு என் பேண்டை முட்டி வரைக்கும் ஏத்தி, கெண்டைக்கால்ல கட்டைவிரல வச்சு ஒரு அமுக்கு அமுக்குச்சு. விரலு எடுத்த எடத்துல குழி. அதையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, நானும் பாத்தேன், குழி மூடல. "அசையாம உக்காருங்க, படுத்துராதீங்க"ன்னு சொல்லிட்டு இந்தத் தடவை நெசமாவே ஓடுச்சு.

மாதவராஜ் டாக்டரு வந்து கொழாய முதுகுல வச்சுப் பாத்தாரு, ரெண்டு பக்கமும் வச்சாரு. திட்டுவாருன்னு பாத்தேன், திட்டல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. "எட்டு கிலோ தண்ணியச் சுமந்துக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கீங்க. இப்பவே அட்மிசன். ஊசியில தண்ணிய எறக்கணும். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. இப்பவும் உறுதியா எதுவும் சொல்ல மாட்டேன், பாப்போம்"னாரு. பாப்போம்னா என்ன அர்த்தம்? கேக்கல. கதவுகிட்ட தவமணி நின்னுக்கிட்டு இருந்தா, யாரு கூப்பிட்டாங்கன்னு தெரியல, எம்புட்டு நேரமா நிக்கிறான்னும் தெரியல. சக்கர நாற்காலி வரும், இங்கயே இருங்கன்னு சொல்லிட்டு டாக்டரும் பெனசிரும் வெளிய போயிட்டாங்க. அவ கிட்டக்க வந்தா. சட்டைல பாதிப் பொத்தான் போட்டிருக்கேன், நெஞ்சுல பசை, பேண்டு முட்டி வரைக்கும் ஏறிக் கெடக்கு, காலு ரெண்டும் பொதபொதன்னு அவ கண்ணுக்கு முன்னாடி. பாத்தா. "என்கிட்டயுமா கழிச்சீங்க?"ன்னு கேட்டா. கத்தியிருந்தா தாங்கியிருப்பேன். "பயமா இருந்துச்சு தவமணி"ன்னேன். கல்யாணமாகி இருபத்தேழு வருசத்துல இந்த வார்த்தைய அவகிட்ட இப்பத்தான் சொல்றேன். "இப்பவும் பயமா இருக்கு. செத்துப் போயிருவேன்னு பயமா இருக்கு." சொன்னதும் ஒடஞ்சிருச்சு, ஆம்பளையாவது பொம்பளையாவது, தேம்பித் தேம்பி அழுதேன், தேம்புனா மூச்சு முட்டுது, மூச்சு முட்டுனா பயம், பயத்துல இன்னும் தேம்புறேன். அவளும் அழுதா, மூக்கைச் சீந்திக்கிட்டே, "பயமா இருந்தா எங்கிட்ட வந்து சொல்லுவாங்களா, காலண்டர்கிட்டப் போயிச் சொல்லுவாங்களா? கூறுகெட்ட மனுசா"ன்னு திட்டுனா. இத்தனை வருசத்துல அவ என்னைய அப்படித் திட்டுனதில்ல. எனக்கு அது நல்லா இருந்துச்சு.

உக்கார முடியல, முதுகுக்கு முட்டுக் குடுக்க ஒண்ணுமில்ல, கட்டில்ல சாய எடமில்ல, படுக்கக் கூடாதுன்னுட்டாங்க. தலை முன்னாடி முன்னாடி விழுது. தவமணி எனக்கு நேரா வந்து நின்னு, ரெண்டு கையாலயும் என் தலையப் புடிச்சு அவ தோள்ல வச்சுக்கிட்டா. "சாஞ்சுக்குங்க." சாஞ்சேன், நெத்திய மட்டும் வச்சுக்கிட்டு, கையக் கட்டில்ல ஊனி, உடம்ப இழுத்துப் புடிச்சுக்கிட்டு. அவ எலும்பு என் நெத்தில குத்துது. சக்கர நாற்காலி வர்ற சத்தம் எங்கயும் கேக்கல. "முழுசாச் சாயுங்க"ன்னா. "ஒனக்குக் கனக்கும் தவமணி"ன்னேன். "கனக்கட்டும்"னா. கைய எடுத்துட்டேன். ஒண்ணும் கழிக்காம அம்புட்டையும் அவ மேல விட்டேன். ஒரு அடி பின்னாடி போனா, போயி, கால ஊனி நின்னுக்கிட்டா.